புள்ளிக் கணக்கும் கள்ளாமை விரதமும்

இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் மூன்றாவதாக நிற்பது கள்ளாமை. கொல்லாமையைப் பற்றியும், புலால் மறுத்தலைப் பற்றியும், இரவுண்ணாமையைப் பற்றியும் நம் இல்லங்களில் அடிக்கடி பேசுகிறோம். பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகிறோம். கள்ளாமையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. பிறர் வீட்டுப் பூட்டை நாம் உடைப்பதில்லை. பிறர் பையில் கையிடுவதில்லை. ஆகவே இவ்விரதம் நம்மால் எளிதாகக் காக்கப்பட்டு வருகிறது என்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் நம் முன்னோர் அறியாதது. விமான நிறுவனங்களும் பெரிய ஓட்டல்களும் தம்மிடம் மீண்டும் மீண்டும் வரும் வாடிக்கையாளர்க்கு வழங்கும் வெகுமதிப் புள்ளிகளே அப்பொருள். 'பாயிண்ட்' என்றும் 'மைல்' என்றும் நம் பிள்ளைகள் இதனைக் கூறுகின்றனர். நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் இன்று பெங்களூரிலும் புனேயிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணி செய்கின்றனர். அலுவல் நிமித்தம் அடிக்கடி விமானத்தில் செல்கின்றனர். ஆதலின் இப்பொருள் நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது.

நம் வீட்டிற்கும் வந்தது. சம்மேத சிகர்ஜி யாத்திரை செல்ல வேண்டுமென்பது நம் நெடுநாள் விருப்பம். அதனை அறிந்த பேரன் ஒரு நாள் தொலைபேசியில், "பாட்டி, ராஞ்சி வரைக்கும் உங்களுக்கு விமானச் சீட்டு இலவசமாகவே கிடைக்கும். என்னிடம் நிறையப் புள்ளி சேர்ந்திருக்கிறது" என்றான். நாமும் மகிழ்ந்தோம், அண்டை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தோம். அன்றிரவு சுவாத்தியாயத்திற்கு அமர்ந்தபோதுதான் ஒரு கேள்வி எழுந்தது. இலவசம் என்றால், கொடுத்தவர் யார்? மறுநாள் பேரனிடமே கேட்டோம். "கம்பெனி வேலையாகப் போனபோது சேர்ந்தது, பாட்டி" என்றான். "அப்படியானால் அது உன்னுடையதா, கம்பெனியுடையதா?" என்று கேட்டதற்கு அவனால் உடனே விடை கூற இயலவில்லை. நமக்கும் விடை தெரியவில்லை. இப்பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது. அவ்விடையை இறுதியிற் கூறுவோம்.

புள்ளி என்பது யாது?

அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தளர்த்தப்பட்டது. நிறுவனங்களுக்கிடையே போட்டி மிகுந்தது. 1981 மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனம் 'மைலேஜ் பிளஸ்' திட்டத்தை அறிவித்தது. 1983 இல் ஓட்டல் நிறுவனங்களும் இவ்வழியைப் பின்பற்றின. பறந்த தொலைவிற்கும் தங்கிய இரவுகளுக்கும் ஏற்பப் புள்ளிகள் கணக்கில் சேரும். போதிய அளவு சேர்ந்ததும் அவற்றைக் கொடுத்துக் கட்டணமின்றிப் பயணமோ தங்கும் அறையோ பெறலாம். இதுவே திட்டத்தின் அடிப்படை.

பின்னர் வங்கிகள் இதில் நுழைந்தன. வங்கி, விமான நிறுவனத்திடம் புள்ளிகளை விலைக்கு வாங்கி, தன் கிரெடிட் கார்டு வாடிக்கையாளர்க்கு அளிக்கிறது. ஆகவே இன்று புள்ளிகள் பறப்பவர்க்கு மட்டும் கிடைப்பன அல்ல. மளிகை வாங்குவோர்க்கும் கிடைக்கின்றன. நிறுவனங்களுக்கு அவை பெரும் வருவாய். 2020 ஆம் ஆண்டில் கொரோனா நோயால் விமானங்கள் நின்றபோது, யுனைடெட் நிறுவனம் தன் புள்ளித் திட்டத்தையே ஈடாகக் காட்டி 680 கோடி டாலர் கடன் திரட்டியது; டெல்டா நிறுவனம் அவ்வாறே 900 கோடி டாலர் திரட்டியது. கடன் கொடுப்போர் வெறுங்காற்றை ஈடாக ஏற்பதில்லை. புள்ளி என்பது பொருள், செல்வம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கணக்கியலும் இதனையே கூறுகிறது. நம் நாட்டில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த இண்ட் ஏ.எஸ். 115 என்னும் கணக்கியல் தரத்தின்படி, இத்தகைய புள்ளியுடன் ஒரு சீட்டை விற்ற நிறுவனம், பெற்ற தொகை முழுவதையும் அன்றே வருவாயாக எழுதிக்கொள்ளுதல் கூடாது. புள்ளிக்குரிய பங்கைப் பிரித்து, இனிச் செய்து தர வேண்டிய கடமையாகப் பதிவு செய்தல் வேண்டும். அஃதாவது புள்ளி நிறுவனம் தரும் தானமன்று. வாடிக்கையாளர் முன்னதாகவே விலை கொடுத்துவிட்ட ஒன்று. நிறுவனத்தின் கையில் இருக்கும் அடைக்கலப் பொருள். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

கள்ளாமையின் இலக்கணம்

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் விரதங்களையும் அவற்றின் அதிசாரங்களையும் வகுத்துக் கூறுகின்றார். உரியவரால் கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் களவு என்பது அங்குக் காணும் கருத்து. ஸமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டகத்தில் இதனை இல்லறத்தார்க்கு மேலும் விளக்குகின்றார். பிறர் வைத்த பொருள், பிறர் கைதவறி விழுந்த பொருள், பிறர் மறந்த பொருள் ஆகிய மூன்றையும் தாமும் எடாமல், எடுத்துப் பிறர்க்கும் கொடாமல் இருத்தலே இவ்விரதம் என்பது அவர் கருத்து. இந்நூலின் பொருளைத் தமிழில் தரும் அருங்கலச்செப்பு நம் இல்லங்கள் பலவற்றில் உள்ளது. வாசகர்கள் எடுத்துப் படித்தல் நலம்.

மறந்த பொருள் என்ற ஒன்றை ஆசாரியர் தனியே எண்ணியிருப்பதைக் கவனிக்க வேண்டும். மறந்தவர் வந்து கேட்கமாட்டார், கூச்சலிடமாட்டார், வழக்குத் தொடுக்கமாட்டார். அவர் பொருளைக் கொள்வது மிக எளிது. எளிதாயிருப்பதனாலேயே அது தனியே எச்சரிக்கப்பட்டது.

ஐந்து அதிசாரங்கள்

விரதம் முற்றிலும் உடையாமல் பழுதுபடும் இடத்தை அதிசாரம் என்கிறோம். கள்ளாமைக்கு அதிசாரங்கள் ஐந்து. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பித்த முறைப்படி, தெரிந்ததினின்று தெரியாததற்குச் செல்வோம். ஒவ்வோர் அதிசாரத்தையும் பழைய எடுத்துக்காட்டுடன் கூறிப் பின் புதியதற்குப் பொருத்துவோம்.

முதலாவது, ஸ்தேனப்ரயோகம். தான் திருடாமல் பிறரைத் திருடும்படி ஏவுதலும், வழி சொல்லித் தருதலும் இதன்பாற்படும். ஓட்டல் அறையில் இல்லாத குறையை இருப்பதாகக் கூறினால் இழப்பீடாகப் புள்ளி தருவார்கள் என்று ஒருவர் மற்றவர்க்குக் கற்பிப்பது இவ்வகை. கற்பித்தவர் ஒரு புள்ளியும் பெறவில்லை. ஆயினும் பழுதில் அவர்க்கும் பங்குண்டு.

இரண்டாவது, ததாஹ்ருதாதானம். திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அறிய வேண்டிய நிலையில் அறியாமலோ வாங்குதல். பிறர் கணக்கில் புகுந்து களவாடப்பட்ட புள்ளிகள் மலிந்த விலைச் சீட்டாக விற்கப்படுவதுண்டு. பாதி விலைக்குச் சீட்டு என்று முகமறியாத ஒருவர் சொல்லும்போது, அது எப்படி இயலும் என்று கேளாமல் வாங்குவோர், திருட்டு நகையை மலிவாக வாங்கும் வணிகரின் வரிசையில் நிற்கின்றனர்.

மூன்றாவது, விருத்தராஜ்யாதிக்ரமம். அரசின் முறையைக் கடந்து பொருள் கொள்ளுதல். இதற்குப் பொருத்தமான விதி நம் நாட்டிலேயே உள்ளது. மத்திய நிதியமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13 நாளிட்ட ஆணையில், அரசுப் பணிக்காக வாங்கிய சீட்டுகளால் சேரும் மைல் புள்ளிகளை அத்துறையின் பிற அலுவற் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்றும், சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை உண்டு என்றும் கூறியுள்ளது. 2008 இலேயே இக்கருத்து ஆணையாக வந்தது. அரசுப் பணத்தால் வந்த நன்மை அரசுக்கே சேர வேண்டும் என்பதே காரணம்.

ஜெர்மனியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 2002 ஆம் ஆண்டு கோடையில், நாடாளுமன்ற உறுப்பினர் சிலர் அலுவற் பயணத்தால் சேர்ந்த மைல்களைச் சொந்தப் பயணத்திற்குப் பயன்படுத்தினர் என்ற செய்தி வெளிவந்தது. கிரேகோர் கீஸி என்பவர் அப்போது பெர்லின் மாநிலத்தின் பொருளாதாரத் துறையைக் கவனித்து வந்தார். தாம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது இத்தவற்றைச் செய்ததை ஒட்டி, அவ்வாண்டு ஜூலை 31 இல் பதவி விலகினார். சிறு தொகை என்று அவர் வாதாடியிருக்கலாம். விலகியது அவர்க்குப் பெருமையே. அமெரிக்க அரசோ வேறு வழி சென்றது. அங்கு முன்பிருந்த தடை 2001 டிசம்பரில் வந்த சட்டத்தால் நீக்கப்பட்டு, அரசுப் பணியாளர் புள்ளிகளைத் தாமே வைத்துக்கொள்ள இசைவு தரப்பட்டது. ஒரே செயல் ஓரிடத்தில் குற்றம், மற்றோரிடத்தில் குற்றமன்று. இதில் முரண் இல்லை. உரியவர் கொடுத்தால் கொள்ளலாம், கொடுக்கவில்லையெனில் கொள்ளலாகாது. இலக்கணம் இரண்டிடத்தும் ஒன்றே.

நான்காவது, ஹீனாதிக மானோன்மானம். வாங்கும்போது பெரிய மரக்காலும் விற்கும்போது சிறிய மரக்காலும் வைத்துக்கொள்ளுதல். இங்கு நிறுவனங்களின் பக்கம் நம் பார்வை திரும்புகிறது. 1988 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் திட்டத்தின் விதிகளை மாற்றியது. குறிப்பிட்ட நாட்களில் புள்ளிச் சீட்டு இல்லை, இத்தனை இருக்கைகளுக்கு மேல் இல்லை என்ற வரம்புகள் வந்தன. ஏற்கெனவே சேர்ந்திருந்த புள்ளிகளுக்கும் இவ்வரம்பைப் பொருத்தியது முறையன்று என்று உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தனர். 1995 ஜனவரியில் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. மாநில நுகர்வோர் சட்டத்தின் கீழ் இவ்வழக்கைத் தொடர இயலாது; ஆயினும் கொடுத்த வாக்கை மீறினர் என்ற ஒப்பந்த வழக்கைத் தொடரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னாளில் மரக்காலே மறைந்தது. இன்ன ஊருக்கு இத்தனை புள்ளி என்னும் பட்டியலை டெல்டா நிறுவனம் 2015 இல் தன் வெளியீட்டிலிருந்து நீக்கிவிட்டது. மாரியட் ஓட்டல் நிறுவனம் 2022 மார்ச்சில் நிலையான பட்டியலைக் கைவிட்டு, நாளுக்கு நாள் மாறும் அளவை மேற்கொண்டது. முன்னறிவிப்புடன் எதிர்காலத்திற்கு விலையை மாற்றுதல் வணிகத்தில் இயல்பு. ஆனால் சேமித்தவர் எதனை எண்ணிச் சேமித்தாரோ அதன் அளவை, அவர் சேமித்து முடித்த பின்னர்க் குறைத்தல் எத்தகையது என்பதை நடுநிலையுடன் எண்ண வேண்டும். இத்துறையில் நேர்மையான நிகழ்ச்சிகளும் உண்டு. 2016 இல் மாரியட் நிறுவனம் ஸ்டார்வுட் நிறுவனத்தை வாங்கியபோது, ஸ்டார்வுட் புள்ளி ஒன்றுக்கு மாரியட் புள்ளி மூன்று என்று மதிப்பிட்டு மாற்றித் தந்தது. 2024 நவம்பரில் விஸ்தாரா நிறுவனம் ஏர் இந்தியாவுடன் இணைந்தபோது, உறுப்பினரின் புள்ளிகள் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றப்பட்டன. கை மாறினாலும் கடமை மாறவில்லை.

ஐந்தாவது, பிரதிரூபக வியவஹாரம். நெய்யில் எண்ணெய் கலந்து நெய்யென்று விற்றல் போன்றது. தொடக்க வெகுமதிக்காக, பயணமே செய்யாத பாட்டன் பாட்டியர் பெயரில் அவர்கள் அறியாமல் கணக்குத் தொடங்குதல் இவ்வகை. 'இலவசம்' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டு, வரியும் கூடுதற் கட்டணமும் சீட்டு விலைக்கு அருகில் வரும்படி வாங்கும் நிறுவனமும் இவ்வகையே. இருபாலார்க்கும் சூத்திரம் ஒன்றுதான்.

அடைக்கலப் பொருள்

இவ்வைந்துடன் வாய்மை விரதத்தின் அதிசாரம் ஒன்றையும் சேர்த்துப் பயில வேண்டும். அதன் பெயர் ந்யாஸாபஹாரம். பூஜ்யபாதர் ஸர்வார்த்த ஸித்தி உரையில் இதனை நுட்பமாக விளக்குகின்றார். அவர் கருத்தை நம் சொற்களிற் கூறுவோம். ஒருவர் நூறு பொற்காசுகளை மற்றொருவரிடம் அடைக்கலம் வைத்தார். காலம் கடந்தது, எண்ணிக்கை மறந்தது. வந்து, "நான் வைத்த எண்பது காசுகளைத் தாருங்கள்" என்றார். வைத்திருந்தவர், "ஆம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எண்பதைக் கொடுத்தார். இவர் பொய்க்கணக்கு எழுதவில்லை, பூட்டை உடைக்கவில்லை, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்தார். ஆயினும் அந்த "ஆம்" என்ற சொல் வாய்மை விரதத்தின் பழுது என்கின்றார் உரையாசிரியர்.

இனிப் புள்ளித் திட்டத்தைப் பார்ப்போம். உறுப்பினரிற் பலர் புள்ளி சேர்ந்ததையே மறந்துவிடுகின்றனர். இவ்வாறு கேட்கப்படாமற் போகும் பங்கை நிறுவனங்கள் முன்கூட்டியே மதிப்பிட்டு வருவாயில் சேர்த்துக்கொள்கின்றன. கணக்கியலார் அதற்குப் 'பிரேக்கேஜ்' என்று பெயரிட்டுள்ளனர். மதிப்பிடுதல் குற்றமன்று. தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லப்பட்ட காலவரம்பும் ஒப்பந்தத்தின் பகுதியே. ஆனால் மறதியை வளர்க்கும்படி விதியைச் சிற்றெழுத்தில் ஒளித்தலும், காலவரம்பு நெருங்கும்போது நினைவூட்டாதிருத்தலும், வைத்த பின் வரம்பைக் குறுக்குதலும் எண்பது காசு கொடுத்தவரின் செயலை ஒத்தன.

கனடா நாட்டில் 'ஏர் மைல்ஸ்' என்னும் திட்டம், ஐந்தாண்டு பழகிய புள்ளிகள் 2016 ஆம் ஆண்டு முடிவில் காலாவதியாகும் என்று அறிவித்திருந்தது. கடைசி மாதங்களில் உறுப்பினர் பலர், போவதற்குள் எதையேனும் வாங்குவோம் என்று வேண்டாத பொருள்களுக்குப் புள்ளிகளைச் செலவிட்டனர். எதிர்ப்பு மிகுந்தது, ஒன்டாரியோ மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாவும் வந்தது. டிசம்பர் முதல் நாளன்று நிறுவனம் காலாவதித் திட்டத்தைக் கைவிட்டது. அதே மாதத்தில், காலம் கடந்தது என்ற ஒன்றையே காரணமாக்கிப் புள்ளிகளை நீக்கலாகாது என்ற சட்டம் அம்மாநிலத்தில் நிறைவேறியது. அஞ்சிச் செலவிட்டவர்கள் மட்டும் இழந்தது இழந்ததே.

எல்லாவற்றையும் சட்டம் காக்கும் என்று நினைத்தலும் தவறு. நார்த்வெஸ்ட் நிறுவனத்தின் உயர்நிலை உறுப்பினராயிருந்த யூத சமய குரு ஒருவரை, மிகுதியாகக் குறை கூறுகிறார் என்று அந்நிறுவனம் 2008 இல் திட்டத்திலிருந்து நீக்கியது. நீக்கும் உரிமை தன் தீர்மானத்திற்கு உட்பட்டது என்று விதியில் எழுதியிருந்தது. நல்லெண்ணத்துடன் நடத்தல் எந்த ஒப்பந்தத்திலும் அடங்கியுள்ளதன்றோ என்று அவர் வழக்காடினார். எழுதிய ஒப்பந்தத்தைக் கடந்து இத்தகைய கடமையைச் சுமத்தும் வழக்கு, விமானத் துறைச் சட்டத்தின்படி நில்லாது என்று உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் சட்டத்தை உரைத்தது. நல்லெண்ணத்தை வற்புறுத்த அதனால் இயலவில்லை. விரதம் என்பது பிறர் வற்புறுத்தாமல் தானே மேற்கொள்வது. ஆகவே வணிகம் செய்யும் நம் சிராவகர்கள், சிறு கடையில் கூப்பன் கொடுத்தாலும், சட்டம் எங்கே நின்றுவிட்டதென்று நோக்காமல் விரதம் எதுவரை செல்கிறதென்று நோக்குதல் வேண்டும்.

விதி இடங்கொடுத்தால் போதுமா?

இரண்டு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1999 இல் அமெரிக்காவில் ஓர் உணவு நிறுவனம், தன் பொருள்களின் விலைக்குறிப் பட்டைகளை அனுப்புவோர்க்கு விமான மைல்கள் தருவதாக அறிவித்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், அந்நிறுவனத்தின் மலிவான புட்டிங் கிண்ணங்களை 12,000க்கு மேல் வாங்கினார். செலவு சுமார் 3,000 டாலர். கிடைத்தவை 12 இலட்சத்திற்கு மேற்பட்ட மைல்கள். அத்தனை புட்டிங்கையும் என்ன செய்வது? இரட்சணிய சேனை என்னும் அறநிறுவனத்திற்குக் கொடுத்தார். அங்குள்ள தொண்டர்கள் பட்டைகளை உரித்துத் தந்தனர். நிறுவனம் சொன்னதைச் சொன்னபடி கொடுத்தது. உணவு வீணாகவில்லை. எவரும் ஏமாற்றப்படவில்லை.

மற்றொன்று. அமெரிக்க அரசின் நாணயச்சாலை, ஒரு டாலர் நாணயம் மக்களிடையே புழங்க வேண்டுமென்று, 2008 முதல் அந்நாணயங்களை முகமதிப்பிற்கே விற்று, அஞ்சற் செலவையும் தானே ஏற்று வீட்டிற்கு அனுப்பியது. சிலர் கிரெடிட் கார்டால் ஆயிரக்கணக்கில் வாங்கிப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, நாணயங்களைப் பெட்டியோடு வங்கியிற் கட்டிக் கார்டுக் கடனைத் தீர்த்தனர். அவர்க்குச் செலவில்லை. ஏற்றி இறக்கிய செலவு பொதுப்பணத்திற்கு. நாணயமும் புழங்கவில்லை. 2011 ஜூலையில் நாணயச்சாலை கார்டு விற்பனையை நிறுத்திவிட்டது.

இரண்டிலும் எழுதிய விதி மீறப்படவில்லை. ஆயினும் முன்னவர் செயலைக் கேட்டுப் புன்னகை செய்கிறோம். பின்னவர் செயலைக் கேட்டு முகம் சுளிக்கிறோம். காரணம் யாது? முன்னது நிறுவனம் தானே கொடுக்க முன்வந்ததைக் கொண்டது. பின்னது புழக்கத்திற்கென்று கொடுக்கப்பட்ட ஒன்றை, கொடுத்தவர் நோக்கத்தை அழித்துத் தன் பயனுக்குக் கொண்டது. எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதும் கொடையின் பகுதியே என்பதை மாணவர்க்கு இவ்வெடுத்துக்காட்டால் விளக்கலாம்.

மிகுபொருள் விரும்பாமையும் இங்கு நினைக்கத்தக்கது. கிரெடிட் கார்டு புள்ளிகளின் செலவு, கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்திலிருந்தும் வருகிறது. கடைக்காரர் அதனை விலையில் ஏற்றும்போது, ரொக்கம் கொடுத்து வாங்கும் எளியவரும் அதனைச் சுமக்கிறார். அவர்க்குப் புள்ளி இல்லை. கார்டு வைத்திருத்தல் பாவம் என்று கூறவில்லை. 'இலவசம்' என்ற சொல்லைக் கூறுமுன் இதனையும் நினைக்க வேண்டும் என்கிறோம். வேண்டாத பயணத்தைப் புள்ளிக்காகவே மேற்கொள்வதும், அளவின்றிச் சேர்த்து வைப்பதும் பயனற்றன. 2012 அக்டோபரில் கிங்பிஷர் விமானங்கள் நின்றன. பறவாத விமானத்தில் எத்தனை புள்ளி இருந்தும் ஏற முடியாது.

பேரன் கண்டறிந்த விடை

இனி நம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். பேரன் தன் அலுவலக விதியைத் தேடிப் படித்தான். அலுவற் பயணத்தால் சேரும் புள்ளிகளைப் பணியாளரே வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. "கம்பெனியே கொடுத்துவிட்டது, பாட்டி. இப்போது உங்களுக்குத் திருப்திதானே?" என்றான். உரியவர் கொடுத்தபின் தடையில்லை என்று நாமும் கூறினோம். ஆனால் இரண்டு நாள் கழித்து அவனே மீண்டும் பேசினான். குரலில் முன்னிருந்த உற்சாகம் இல்லை.

விதியைப் படித்தபோது அதன் முந்திய வரியையும் அவன் படித்திருக்கிறான். ஒத்த நேரத்தில் உள்ள விமானங்களுள் கட்டணம் குறைந்ததையே எடுக்க வேண்டும் என்பது அவ்வரி. தன் பயணக் கணக்கை எடுத்துப் பார்த்தான். புள்ளி ஒரே நிறுவனத்தில் சேர வேண்டுமென்று, மலிவான விமானம் இருக்கவும் விலை கூடிய விமானத்தை எடுத்தது நான்கு முறை. வேறுபாடு மொத்தம் 7,400 ரூபாய். "புள்ளி என்னுடையதுதான், பாட்டி. ஆனால் அதைச் சேர்க்கக் கம்பெனிப் பணத்தைச் செலவு செய்திருக்கிறேன்" என்றான். நாம் கேட்ட கேள்வி புள்ளி யாருடையது என்பது மட்டுமே. எப்படி வந்தது என்னும் இரண்டாவது கேள்வியை அவன் தானாகவே கேட்டுக்கொண்டான். ஆசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளிலும் இத்தகைய மகிழ்ச்சி நமக்கு அரிதாகவே வாய்த்தது.

அத்தொகையைத் திருப்பிச் செலுத்துவதாக அலுவலகக் கணக்குப் பிரிவிற்கு எழுதினான். இவ்வாறு வரும் பணத்தை வரவு வைக்கத் தங்களிடம் தலைப்பே இல்லை என்று முதலில் பதில் வந்ததாம். மேலாளரிடம் சொல்லி, அடுத்த பயணப்படியில் கழித்துக்கொள்ளச் செய்தான். மேலாளர் நகைத்தார் என்றும், அடுத்த வாரம் தம் கணக்கையும் எடுத்துப் பார்த்தார் என்றும் கூறினான்.

நாம் யாத்திரை சென்று வந்தோம். ரயிலில் பாரசநாத் நிலையம் வரை சென்று, சீட்டிற்கு நம் ஓய்வூதியத்திலிருந்தே கொடுத்தோம். இருபது தீர்த்தங்கரர் முக்தியடைந்த மலையை நோக்கிச் செல்லும்போது, சிறு ஐயமும் உடன்வர வேண்டாம் என்பதே காரணம். கணக்கு நேரான பின் எஞ்சிய புள்ளிகளைப் பேரன் பயன்படுத்துவதில் நமக்குத் தடையில்லை.

இல்லத்தில் பயில்வதற்கு

வெகுமதி எதுவாயினும் கொள்ளுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். இதனைக் கொடுத்தவர் யார்? எதற்காகக் கொடுத்தார்? இது வந்த வழியில் வேறு எவர் பொருளேனும் குறைந்ததா? மூன்றிற்கும் தெளிந்த விடை கிடைத்தால் மகிழ்ச்சியுடன் கொள்ளலாம். ஒன்றிற்கு ஐயம் எழுந்தால், உரியவரைக் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

தமக்குரிய புள்ளிகளைக் கேட்டுப் பெறுதலும் நேர்மையே. அதனைப் பேராசை என்று கருதிக் கூசுதல் வேண்டா. குடும்பத்திலுள்ள முதியோர் பெயரில் சேர்ந்துள்ள புள்ளிகளையும், அவற்றின் காலவரம்பையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நலம். கொடுத்தவர் கடமையைச் செய்ய வேண்டுமானால், பெறுபவர் மறவாதிருத்தலும் உதவி.

சிந்திக்க வினாக்கள்

1. அடைக்கலம் வைத்தவர் எண்பது என்று கேட்டபோது, வைத்திருந்தவர் என்ன விடை கூறியிருக்க வேண்டும்?

2. புட்டிங் வாங்கியவர்க்கும் நாணயம் வாங்கியவர்க்கும் உள்ள வேற்றுமையை ஐந்து அதிசாரங்களைக் கொண்டு விளக்குக.

3. உங்கள் கடையில் பத்து முறை வாங்கினால் பதினோராவது இலவசம் என்று அட்டை கொடுத்திருக்கிறீர்கள். ஒன்பது குறிகளுடன் அட்டையைத் தொலைத்துவிட்ட வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். அவர் பல முறை வந்தது உங்களுக்கு நினைவிருக்கிறது. எத்தனை முறை என்பது நினைவில்லை. என்ன செய்வீர்கள்?

மூன்றாவது வினாவிற்குப் பெரியோர் விடை கூறுமுன் குழந்தைகளைக் கூறச் செய்யுங்கள். அவர்கள் விடையைக் கேட்ட பின், நம் விடையைச் சொல்வது நமக்கே சற்றுக் கடினமாக இருக்கும்.